கோணல் ஜ

"பேனாவால எழுதினா ஒரு நிமிஷ வேலை அத்தை. எதுக்கு இந்த டைப்ரைட்டரோட மல்லுக்கட்டறீங்க?"

மாமியார் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. 'ஆரஞ்சு ஜாம்' என்று தட்டி, லேபிளைப் பாட்டிலில் ஒட்டினாள். ஜாம் பாட்டில்களைக் கடையில் விற்கக் கொடுக்கக் கூடையோடு கிளம்பிய மருமகளிடம் வழக்கம்போலக் கிசுகிசுத்தாள்.

"கடைக்கு வர்ற அந்த மூக்குக்கண்ணாடிக்காரர் வாங்கறாரான்னு பாத்துட்டு வா. யார் செஞ்சதுன்னு மூச்சு விடாதே."

மருமகளுக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. இந்த வயதில் இத்தனை ரகசியமா? பழைய காதலோ?

கடையில் கண்ணாடிக்காரர் அவளுக்காகவே காத்திருந்தார். ஒரு சின்னப் பொட்டலத்தை நீட்டினார்.

"இதை ஜாம் செய்யறவங்ககிட்ட குடுத்துடும்மா. லேபிள்ல எழுத்து மங்கிட்டே வருது."

வீட்டில் மாமியார் பிரித்துப் பார்த்தாள். டைப்ரைட்டருக்குப் புது ரிப்பன்! "கண்டுபிடிச்சுட்டான்!" என்று உட்கார்ந்துவிட்டாள்.

"யார் அத்தை அவரு?"

"என் தம்பி. அப்பா போனதும் இந்த மிஷின் யாருக்குன்னு சண்டை. 'இனி உன் கையால பச்சைத் தண்ணி குடிக்க மாட்டேன்'னு போனவன். கையெழுத்து தெரிஞ்சா தொட மாட்டானேன்னுதான் டைப் அடிச்சேன்."

"பின்னே எப்படிக் கண்டுபிடிச்சார்?"

மாமியார் லேபிளைக் காட்டினாள். 'ஜ' மட்டும் கோணலாக நின்றது.

"சின்ன வயசுல மிஷினைக் கீழ போட்டு இதைக் கோணலாக்கினதே அவன்தான். கழுதை, எல்லாம் தெரிஞ்சேதான் தின்னிருக்கான்!"

மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தாள்.

"ஒரு கை பிடி. மிஷினை அவன்கிட்டயே குடுத்துட்டு வரலாம். இனிமே பேனாவாலயே எழுதிக்கறேன்."