ஒழுகாத பளிங்குக் குடம்

மந்தைவெளி மாடியறையில் மூன்று பேர் இருந்தார்கள்: பழம்பொருள் விற்கும் தயாளன், வாங்க வந்த மஹ்விஷ், அவளுடைய கார் டிரைவராக வந்த அஜித்குமார். மேசைமேல் கொடிகள் செதுக்கிய பழங்காலப் பளிங்குக் குடம்.

“ஒரு கீறல் கீதான்னு பாருங்க மேடம்.”

“வெந்நீர் ஊத்திப் பாக்கலாமா?”

“வெந்நீரா?” தயாளன் தயங்கினான். “சரி, ஊத்துங்க. ஒழுகுச்சுன்னா சும்மாவே எடுத்துக்கினு போங்க.”

டிரைவர் ஃபிளாஸ்கிலிருந்து ஊற்றினான். ஆவி எழுந்தது. ஜன்னல் வெயிலில் கல் உள்ளுக்குள் ஒளிர, கொடிகள் அசைவதுபோல் இருந்தன. மஹ்விஷ் கண்ணை மூடிக் குடத்தில் காதை வைத்தாள்.

விரிசலை அடைத்திருந்த மெழுகு உருகியது. ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று.

“விலைய கொறைச்சிக்கலாம் மேடம்,” என்றான் தயாளன், அவசரமாக.

அவள் கண்ணைத் திறக்கவில்லை. “சின்ன வயசுல எங்க தர்காவுல இந்தக் குடம் சொட்டுற சத்தத்துலதான் தூங்குவேன். போன மாசம் திருடு போனது இதேதான், இன்ஸ்பெக்டர் சார்.”

அஜித்குமார் ஃபிளாஸ்கை வைத்துவிட்டுத் தயாளனின் கையைப் பிடித்தார்.

“ஒழுகினா சும்மா எடுத்துக்கினு போன்னு நீதானே சொன்ன? வா, உன்னையும் சேத்துதான்.”

அன்று மாலை தயாளனுக்குப் பின்னால் லாக்கப் கதவு சாத்திப் பூட்டப்பட்டது.