காணாமல் போன பதினொரு பேர்

"தூங்கறவங்க தாராளமா தூங்கலாம். குறட்டை மட்டும் வேண்டாம்" என்றார் லைப்ரரி மேடம், ஏற்ற இறக்கமில்லாத தன் குரலில். கடைசி வரிசையில் ரெண்டு பேர் அதை அனுமதியாகவே எடுத்துக்கொண்டு தலையைச் சாய்த்தார்கள்.

மருத்துவக் கல்லூரியின் இறுதியாண்டுப் பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் இந்த வகுப்பு. ஆராய்ச்சிக் கட்டுரையை எங்கே தேடுவது, கிடைத்ததை எவ்வளவு தூரம் நம்புவது என்று பாடம். சொல்லித்தருகிறவர் டாக்டர்கூடக் கிடையாது. அந்தம்மாவுக்குக் குடும்பம், குட்டி எதுவும் இல்லை, புத்தகங்களைத்தான் கட்டிக்கொண்டு அழுகிறார் என்று ஹாஸ்டலில் பேச்சு.

முன்வரிசையில் 'அவசரம்' உட்கார்ந்திருந்தாள். எதையும் முந்திக்கொண்டு சொல்லிவிடுவதால் வகுப்பு வைத்த பட்டப்பெயர் அது. இன்றைக்கு அலச வேண்டிய கட்டுரையைக் கொண்டுவருவது அவள் முறை. காலையில்தான் தேடிப் பிடித்து, எல்லோருக்கும் பிரதி எடுத்திருந்தாள்.

சும்மா கைக்குக் கிடைத்ததை எடுத்துவரவில்லை. அவள் அப்பாவுக்கு இதயம் பலவீனம். டாக்டர் ஒரு புது மாத்திரை எழுதிக் கொடுத்து நாலு நாள் ஆகிறது, மனுஷன் இன்னும் அட்டையைப் பிரிக்கவில்லை. "நீதானே டாக்டருக்குப் படிக்கிறே. நீ சொன்னா முழுங்கறேன், இல்லேன்னா தூக்கிப் போட்டுடறேன்" என்று பொறுப்பை அவள் தலையில் கட்டிவிட்டார்.

அன்றிலிருந்து அவளுக்கு அழுகையும் வரவில்லை, பயமும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. சாப்பிட்டாள், வார்டுக்குப் போனாள், வந்தாள்.

மேடம் கட்டுரையை வாங்கித் தலைப்பைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அதை மேஜையில் வைத்துவிட்டு, "சொல்லும்மா, என்ன கண்டுபிடிச்சிருக்காங்க?" என்றார்.

"மாத்திரை சாப்பிட்டவங்க இருநூறு பேர், சாப்பிடாதவங்க இருநூறு பேர் மேடம். ஆறு மாசம் பார்த்திருக்காங்க. சாப்பிடாதவங்கள்ல நாலு பேர் இறந்துட்டாங்க. சாப்பிட்டவங்கள்ல ஒருத்தர்கூட இறக்கல." மூச்சு விடாமல் சொல்லிவிட்டு, "அருமையான மாத்திரை" என்று தீர்ப்பையும் எழுதிவிட்டாள்.

"சாப்பிட்ட இருநூறு பேர்ல கடைசி வரைக்கும் வந்தது எத்தனை பேர்?"

அவசரம் குனிந்து பிரதியில் தேடினாள்.

"நூத்தி எண்பத்தொன்பது" என்றார் மேடம், பக்கத்தைப் புரட்டாமலே. "பதினொரு பேர் நடுவுல நின்னுட்டாங்க. ஆறாவது பக்கத்துல அடியில பொடி எழுத்துல இருக்கும், பாருங்க."

எல்லோரும் புரட்டினார்கள். இருந்தது. "உலகத்துக் கட்டுரை அத்தனையும் மனப்பாடம் போல" என்று பின்னால் ஒருவன் முணுமுணுக்க, பக்கத்தில் இருந்தவள் களுக்கென்று சிரித்தாள்.

"சாப்பிடாதவங்க பக்கம் யாருமே நடுவுல நிக்கல. இப்ப சொல்லுங்க, அந்தப் பதினொரு பேர்ல ஒரு அஞ்சு பேர் செத்திருந்தா?"

இந்தக் கணக்கு அவசரத்துக்கே நிதானமாகப் புரிந்தது. அங்கே நாலு, இங்கே அஞ்சு. "அப்போ இந்த மாத்திரை ஆளைக் கொல்லுதா மேடம்?"

"அப்படியும் சொல்ல முடியாது. தெரியாது. அவ்வளவுதான் சொல்ல முடியும்."

"தெரியாதுன்னு நான் எங்கப்பாகிட்ட எப்படி மேடம் சொல்வேன்?"

வாயை விட்டு வந்துவிட்டது. தூங்கிக்கொண்டிருந்த ரெண்டு பேரும்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வகுப்பில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

"ஆரம்பிச்சுட்டாரா?"

"இல்ல மேடம். நான் என்ன சொல்றேன்னு காத்துக்கிட்டிருக்கார்."

"இன்னிக்கு ஆரம்பிக்க வேண்டாம்னு சொல்லு. சாயங்காலம் அவரைக் கூட்டிக்கிட்டு டாக்டர்கிட்ட போ. ஆறாவது பக்கத்தைக் காட்டு. அவர் என்ன சொல்றார்னு கேட்டுட்டு முடிவு பண்ணுங்க."

மணி அடித்தது. பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். அவசரம் வராந்தாவுக்குப் போய் அப்பாவிடம் போனில் ரெண்டு வார்த்தை பேசிவிட்டுத் திரும்பி வந்தாள். நாலு நாளாக மரத்துக் கிடந்ததற்கெல்லாம் சேர்த்துக் கோபம் வந்தது. வந்த கோபம் அந்தக் கட்டுரை எழுதியவர்கள் மேல் பாய்ந்தது.

"இவங்களை எல்லாம் சும்மா விடலாமா மேடம்? பதினொரு பேர் வரலேன்னா, வீட்டுக்கு ஒரு போன் பண்ணி, இருக்காரா போயிட்டாரான்னு கேட்டா குறைஞ்சா போயிடுவாங்க? நான் கேட்டிருப்பேன். யாராவது ஒருத்தர் வாயைத் திறந்து சொல்லியிருந்தா, இந்த மாத்திரை எங்கப்பா கைக்கு வந்திருக்குமா?"

"வந்திருக்காதும்மா."

"அப்புறம் ஏன் பண்ணலை?"

மேடம் சிதறிக் கிடந்த பிரதிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். ஓரங்களைத் தட்டி நேராக்கினார்.

"பண்ணாங்க. எங்க வீட்டுக்கு மூணு தடவை பண்ணாங்க. எங்க வீட்டுக்காரர் தவறி ரெண்டு நாள்தான் ஆகியிருந்துச்சு" என்றார் நிமிராமல். "நான்தான் ராங் நம்பர்னு சொல்லி போனை வெச்சுட்டேன்."