முதல் நாள் வேலை

“யாரைக் கேட்டுடா வேலையில சேர்ந்தே?” என்று வெல்டர் மகனிடம் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டம்மா ஓடிவந்தாள்.

“வேலைக்குப் போன பிள்ளையைத் திட்டுற அப்பனை இப்பத்தாங்க பாக்கறேன்!”

“உங்களுக்கென்னம்மா தெரியும்? சம்பளம் வாங்குற பிள்ளைக்கு அரசாங்கத்தோட இலவச வைத்தியம் கிடையாது. இவன் வாங்கப்போற சம்பளம், இவன் நோய்க்கு மாசாமாசம் போடுற ஊசிக்கே பத்தாது!”

“இருபத்திரண்டு வயசாச்சு. இன்னும் உங்க கையையே பார்த்துட்டு உட்காரவாப்பா?” என்றான் மகன்.

வெல்டரின் குரல் இறங்கியது. “சரி, எங்கே வேலை?”

“இலவச வைத்திய ஆபீஸ்லதான். வேலைக்குப் போறவங்க பேரைக் கண்டுபிடிச்சுப் பட்டியல்ல இருந்து நீக்கணும்.”

வெல்டர் முகத்தில் அப்போதுதான் வெளிச்சம் வந்தது. “அப்போ உன் பேரை மட்டும் கண்டுக்காம விட்டுடுடா!”

மகன் பையை மெல்லக் கீழே வைத்தான்.

“எப்படி நீக்கணும்னு என் பேரை நீக்கித்தான்பா சொல்லிக் கொடுத்தாங்க.”