வாயை மூடிக்கொண்ட இலை

பூவரச மரத்தின் உச்சியில் இருந்த இலைக்கு எப்போதும் ஒரே பயம்தான். தண்ணீர் நின்றுபோனால் என்ன செய்வது?

வேர் எங்கோ பாதாளத்தில் கிடந்தது. அங்கிருந்து அத்தனை உயரம் ஏறி வருகிற தண்ணீர், இலையின் அடிப்புறத்துப் பொடிப்பொடி வாய்கள் வழியாக ஆவியாகிக் காற்றோடு போய்விடும். வெயில் ஏறஏற இன்னும் வேகமாகப் போகும். இப்படி வாரி இறைத்தால் நாளைக்கு என்ன கதி என்று, ஒருநாள் எல்லா வாய்களையும் இறுக மூடிக்கொண்டது.

கொஞ்ச நேரம் நிம்மதியாக இருந்தது. பிறகு உடம்பு அனலாய்க் கொதித்தது. காம்புக்குள் ஏறிக்கொண்டிருந்த தண்ணீர் அப்படியே நின்றுவிட்டது. பக்கத்திலிருந்த மொட்டு, "தாகமா இருக்கு சித்தி" என்று முனகியது.

"பார்த்தியா, நான் பயந்த மாதிரியே ஆச்சு!" என்று பதறிய இலை, கீழே பார்த்துக் கத்தியது. "வேரண்ணே! ஏன் தண்ணி அனுப்பறதை நிறுத்திட்டீங்க?"

"நான் எங்கேம்மா அனுப்பினேன்? மண்ணுல இருக்கறதை உறிஞ்சி வைக்கறதோட என் வேலை சரி. மேல இருந்து நீதானே இழுத்துக்கிட்டு இருந்தே! அங்க ஒரு துளி வெளிய போனாத்தான் இங்க ஒரு துளி நகரும். கொஞ்ச நேரமா இழுக்கவே காணோமே, உனக்கு என்ன ஆச்சோன்னு நான் பயந்துபோய்க் கிடக்கேன்."

இலை மொட்டைப் பார்த்தது. வெயிலைப் பார்த்தது. ஒரே ஒரு வாயை மட்டும் திறந்தது. ஒரு துளி ஆவியாகிப் போனது.

"சித்தி, தண்ணி ஏறுது!" என்று மொட்டு தலையைத் தூக்கியது.

ஆவி போன திசையிலிருந்து கண்ணை எடுக்காமல் இலை சொன்னது: "ஏறட்டும். ஆனா போன துளி போனதுதானேடி."