வாய் திறக்காத டச்சுக்காரன்

"நான் பேசி முடிக்கிறவரைக்கும் குறுக்கே பேசாம இருக்கவே மாட்டீங்களா?"

"செத்தாதான் இந்த வாய் மூடும்!"

வீட்டை விட்டுப் போகுமுன் கணவன் தர்மோ லாராஸிடம் கடைசியாகச் சொன்னது அதுதான். ஒரு வருடமாகிறது.

இன்று இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா கோட்டை வாசலில், டச்சுப் படையோடு நடந்த பழைய சண்டையை நடித்துக் காட்டும் நாள். லாராஸுக்கு விடுதலைப் படை நர்ஸ் வேடம்.

சண்டை தொடங்குமுன்பே ஒரு டச்சுச் சிப்பாய் ஓடிவந்து அவள் காலடியில் பொத்தென்று விழுந்தான்.

"எவன்டா அவன்? இன்னும் ஒரு துப்பாக்கிகூட வெடிக்கல, அதுக்குள்ள எதுக்குடா சாகுற?" தளபதி வேடத்திலிருந்த குழுத் தலைவர் சுரோசோ கத்தினார்.

சிப்பாய் கண்ணை மூடிக் கிடந்தான். செத்தவராக நடிப்பவர்கள் சண்டை முடிந்து விசில் ஊதும்வரை பேசக்கூடாது என்பது குழுவின் விதி.

"பயத்துலயே போயிட்டான்!" கூட்டம் சிரித்தது. "டச்சுக்காரனை வெயில்ல இழுத்துப் போடுக்கா!"

லாராஸ் குனிந்து தொப்பியை விலக்கினாள். அவள் முகம் சிவந்தது. காலைப் பிடித்துத் தரதரவென்று வெயிலுக்கு இழுத்தாள். பின்னால் துப்பாக்கிகள் வெடிக்கத் தொடங்கின.

"இளிக்காதீங்க. பிணம் இளிக்காது. உங்கம்மா என்னை அத்தனை பேர் முன்னால திட்டினப்ப யார் பக்கம் பேசினீங்க? எங்கப்பா சாவுக்கே லேட்டா வந்து, அதுக்கும் ஒரு சாக்கு. எனக்கு எப்படி வலிச்சிருக்கும்?"

வழக்கமாக இதற்குள் பத்துப் பதில் வந்திருக்கும். இப்போது டச்சுக்காரனின் மூடிய கண்ணோரம் மட்டும் நனைந்தது.

வெடிச் சத்தம் ஓய்ந்தது. சுரோசோ விசிலை வாய்க்குக் கொண்டுபோனார். லாராஸ் அவசரமாகக் கணவனின் காதருகே குனிந்தாள்.

"பதில் சொல்லாதீங்க. வீட்டுக்கு வந்துடுங்க."