நிர்வாகிக்கு மேலே

உருத்திரபுரத்து வீட்டுக் கணினிக்கு ஜெயரூபிதான் நிர்வாகி. வகுப்புக்குப் போய்ப் படித்து, தனக்கும் கணவன் பாலனுக்கும் மகள் யதுர்ஷிகாவுக்கும் தனித்தனிக் கணக்குத் திறந்தவள் அவள். யாருக்கு எவ்வளவு நேரம் என்பதும் அவள் கையில்தான். நேரம் முடிந்தால் திரை பூட்டிக்கொள்ளும். இன்னும் வேண்டுமென்றால் அவளுடைய தொலைபேசிக்குக் கோரிக்கை வரும். மகளுக்கு எப்போதும் ஒரே பதிலைத்தான் எழுதுவாள்: "போதும் பிள்ளை, எழும்பு."

"கிரிக்கெட் பாக்கவும் இவவிட்டைத்தான் அனுமதி கேக்கவேணும்," என்று பாலன் ஊரெல்லாம் சொல்லித் திரிவான். அதைக் கேட்டால் அவளுக்கு உச்சி குளிரும்.

ஒரு பின்னேரம், தீபாவளிச் சட்டைக்கு மாதிரி பார்த்துக்கொண்டிருந்தபோது, அவளுடைய கணக்கே பூட்டிக்கொண்டது. 'உங்கள் நேரம் முடிந்தது. அனுமதி கேளுங்கள்.'

நிர்வாகிக்கு யார் நேரம் வைப்பது? சிரித்துக்கொண்டே அனுமதி கேட்டாள். பாலன் வயலில் நின்றான். மகள் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து மாம்பழம் தின்றுகொண்டிருந்தாள். ஜெயரூபியின் தொலைபேசியோ அவளுடைய மடியிலேயே சத்தமில்லாமல் கிடந்தது.

திரையில் பதில் வந்தது. 'போதும் பிள்ளை, எழும்பு.'

"என்னம்மா, உங்களுக்கும் நேரம் முடிஞ்சுதோ?" என்றாள் மகள்.

"எனக்கு ஆர் நேரம் வைக்கிறது? நான்தான் நிப்பாட்டினனான்."

ஜெயரூபி கதிரையைப் பின்னுக்குத் தள்ளினாள். முதுகை நிமிர்த்திக்கொண்டு, திரை சொன்னபடி எழுந்தாள்.