பெற்றோர் வெளியே இருக்கவும்

"பேரைச் சொல்லாதீங்க. வயசு வேண்டாம், மார்க் வேண்டாம், போன ஸ்கூல்ல என்ன நடந்துச்சுன்னும் வேண்டாம். நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா, அப்புறம் நான் பிள்ளையைப் பார்க்க மாட்டேன், உங்க வார்த்தையைத்தான் பார்த்துக்கிட்டு இருப்பேன்."

நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே இவ்வளவையும் சொல்லி முடித்தார் டியூஷன் டீச்சர். ஊர் அவருக்கு வைத்த பெயர் தராசு டீச்சர். எந்தப் பிள்ளைக்கு எந்தப் பள்ளி என்று நிறுத்துச் சொல்லிவிடுவார். ஒரு பிள்ளை தும்முவதைக் கேட்டே இது கணக்குக்கா, சித்திரத்துக்கா என்று கண்டுபிடித்தவர். வயிற்றில் இருக்கும்போதே அவரிடம் நேரம் கேட்டு வைத்த தாய்மார்கள் ஏராளம். ஒருத்தி கல்யாணத்துக்கு முன்பே கேட்டு வைத்தாள்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிடறேன் டீச்சர்," என்றாள் அம்மா. "ரெண்டு ஸ்கூல் மாத்தியாச்சு. குட்டி வாய் திறந்து மூணு மாசமாகுது. எங்ககிட்டகூடப் பேசறதில்ல. இந்தத் தடவையும் தப்பாப் போச்சுன்னா, குட்டி எங்க கையை விட்டே போயிடுமோன்னு பயமா இருக்கு."

"மூணு ஸ்கூல் பார்த்து வச்சிருக்கோம். பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒண்ணு, புதுக் கண்ணாடிக் கட்டடம் ஒண்ணு, மலைத் திருப்பத்துல பழைய ஸ்கூல் ஒண்ணு. இன்னிக்கு சாயங்காலத்தோட அட்மிஷன் முடியுது," என்றார் அப்பா. "நீங்க எதைச் சொல்றீங்களோ அதுதான். மறுபேச்சே கிடையாது."

"சரி. ரெண்டு பேரும் போய் கார்ல உட்காருங்க."

"கார்லயா? கிச்சன்ல இருக்கோமே."

"கிச்சனுக்குக் காது இருக்கு சார். அம்மா கதவுக்குப் பின்னால நின்னு மூச்சு விட்டாலே போதும், பிள்ளைங்க அம்மாவுக்குப் பிடிச்ச பதிலைத்தான் சொல்லும்."

அப்பா சாவியை எடுத்துக்கொண்டார். அம்மா மாடிப்படியடியில் நின்று, "குட்டி, டீச்சர் வந்திருக்காங்க, கீழே வா செல்லம்," என்று குரல் கொடுத்துவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி வெளியே போனாள்.

வாசல் கதவு சாத்தப்பட்டதும் வீடு கப்சிப் என்று ஆனது. சோபாவில் சுருண்டு கிடந்த பூனை சட்டென்று எழுந்து, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதுபோல் ஜன்னல் வழியாக ஓடியது. டீச்சர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் திரும்பினால், மூன்றாவது படியில் ஒரு சிறுமி உட்கார்ந்திருந்தாள். இறங்கி வந்த ஓசையே இல்லை.

"என்ன கண்ணு, பூனை மாதிரி வர்றே?"

சிறுமி பூனை போன ஜன்னலையே பார்த்தாள். டீச்சர் அசரவில்லை. பாடம் பிடிக்குமா, படிப்பு பிடிக்குமா என்றெல்லாம் அவர் கேட்பதே இல்லை. அவர் கேட்பது ஒரே ஒரு கேள்விதான்.

"மணி அடிச்சு எல்லாரும் வீட்டுக்கு ஓடினப்புறம், ஸ்கூல் எப்படி இருக்கும்?"

சிறுமியின் முகம் மலர்ந்தது. "அப்பத்தான் ரொம்ப நல்லா இருக்கும்."

"அடி சக்கை. அம்மா பார்த்து வச்ச மூணு ஸ்கூலும் உனக்குத் தெரியுமா?"

"தெரியும். பஸ் ஸ்டாண்டு பக்கத்துல இருக்கறது வேண்டாம். ஒரே சத்தம். கூப்பிட்டா யாருக்கும் கேக்காது. அந்தக் கண்ணாடிக் கட்டடமும் வேண்டாம். எங்க பார்த்தாலும் வெளிச்சம், ஒளிஞ்சுக்க ஒரு மூலைகூட இல்ல."

"அப்போ மலைத் திருப்பத்துல இருக்கற பழைய ஸ்கூலா?"

"ம். அதான் நல்ல ஸ்கூல். சுவரெல்லாம் தடியா, வெயில் காலத்துலயும் ஜில்லுன்னு இருக்கும்."

சுற்றாத மின்விசிறிக்குக் கீழே டீச்சருக்குத் தோள்பட்டை சில்லிட்டது. அந்தி நேரக் காற்று என்று நினைத்துக்கொண்டார்.

"இவ்வளவு நல்லாப் பேசறே. ஏன் இத்தனை நாளா யார்கிட்டயும் பேசலை?"

"கேட்டாத்தானே பேசறதுக்கு," என்றாள் சிறுமி. "என்னை ஒருத்தர் கேட்டு ரொம்ப நாளாச்சு."

டீச்சருக்கு நெஞ்சு இளகிவிட்டது. காலமெல்லாம் அவர் பெற்றோர்களிடம் தலைபாடாக அடித்துக்கொள்வது இதைத்தானே.

"சீக்கிரம் போய்ச் சொல்லுங்க டீச்சர். இருட்டிடும்."

தராசு டீச்சர் வாசலுக்கு நடக்கவில்லை, மிதந்தார். மூன்று மாதப் பூட்டைப் பத்தே நிமிடத்தில் திறந்த கெட்டிக்காரி இந்த உலகத்தில் வேறு யார்? கதவருகில் நின்று கையசைக்கத் திரும்பினார். படி காலியாக இருந்தது. கூச்சத்தில் மாடிக்கு ஓடியிருப்பாள்.

"மலைத் திருப்பத்து ஸ்கூல். யோசிக்கவே வேண்டாம்," என்றார் கார் ஜன்னலில் குனிந்து.

அப்பா அங்கேயே போனை எடுத்தார். ஒரே ஒரு இடம்தான் பாக்கி இருந்ததாம். அதை உறுதி செய்துவிட்டு, பெரிதாக மூச்சு விட்டார்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே இறங்கினாள். "குட்டி நிஜமாவே பேசுச்சா டீச்சர்?"

"பேசுச்சாவா? நான் எழுந்திருக்கலேன்னா விடிய விடியப் பேசியிருப்பா. உங்க பொண்ணு படு சுட்டிம்மா."

அம்மாவின் கை கன்னத்திலேயே நின்றுவிட்டது. "பொண்ணா? எங்களுக்கு ஒரே பையன்தானே டீச்சர்."

தராசு டீச்சர் மெல்ல வாசல் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

மாடி ஜன்னல் திறந்தது. ஒரு சிறுவன் எட்டிப் பார்த்தான். மூன்று மாதம் புழங்காத அவன் குரல் கரகரத்தது. ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பு.

"அம்மா, நான் அப்பவே கீழே வரப் பார்த்தேன். ஒரு அக்காதான் கதவைப் பிடிச்சுக்கிட்டு, 'நீ இரு, நான் போய்ச் சொல்லிட்டு வரேன்'னாங்க. அவங்க ஸ்கூல்ல ராத்திரியில துணைக்கு ஆளே இல்லையாம் பாவம். இனிமே எப்பவும் கூடவே இருக்கேன்னு நான் சத்தியம் பண்ணிக் குடுத்துட்டேன்."